பச்சையாக ஒளிர்கிறது, சரி. எதனால்? ஒரு டிசிஎஃப்டிஏ கிட் பற்றி

மூன்று பெட்டி வாங்கித் தீர்த்தாகிவிட்டது. கடைசிக் குப்பியைப் போன வாரம்தான் காலி செய்தேன். ஒரு கிட்டைப் பற்றி நல்லது கெட்டது பேச இவ்வளவு பழக்கம் போதும் என்று நினைக்கிறேன். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் ‘செல்லுக்குள் ஆர்.ஓ.எஸ். கண்டறியும் கிட்’ என்று இருக்கும். ஆர்.ஓ.எஸ். என்றால் ஆக்சிஜனிலிருந்து உண்டாகும், சுலபமாக வினைபுரியும் மூலக்கூறுகள். உள்ளே இருக்கும் சாயத்துக்கு டிசிஎஃப்டிஏ என்று பெயர் போட்டிருக்கும். தயாரிப்பாளரின் பெயரை எழுதப்போவதில்லை. இதே சாயத்தை ஏறக்குறைய இதே செய்முறைத் தாளோடு பல பேர் விற்கிறார்கள். நான் சொல்லப்போகும் குறைகளில் பாதிக்கு மேல் அந்தத் தாளில் இருப்பவை. அதனால் ஒருவரை மட்டும் பிடித்துத் திட்டுவது நியாயமில்லை.

என் வேலை என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் என் எரிச்சல் புரியாது. டாக்ஸோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்து இதயத் தசையைக் கெடுக்கும். எப்படிக் கெடுக்கிறது என்பதற்குப் பல விளக்கங்கள் உண்டு. அவற்றில் பழையது, மருந்து மைட்டோகாண்ட்ரியாவில் ஒரு எலக்ட்ரானை வாங்கி ஆக்சிஜனிடம் தள்ளிவிடுகிறது, அதனால் ஆர்.ஓ.எஸ்.ஸில் ஒன்றான சூப்பராக்சைடு உண்டாகிறது என்பது. எலி இதயத்திலிருந்து எடுத்து வளர்த்த எச்9சி2 செல்களில் இதைப் பார்க்க வேண்டும், எங்களிடம் இருக்கும் ஒரு சேர்மம் அதைத் தடுக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். என் ஆய்வேட்டின் முதல் அத்தியாயம் இதுதான். ஆர்.ஓ.எஸ். அளக்க வேண்டும் என்றால் எல்லாரும் முதலில் கை நீட்டுவது இந்த மாதிரிக் கிட்டுக்குத்தான். நானும் நீட்டினேன்.

பெட்டியைத் திறந்தால் மூன்று பொருட்கள். டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்த சாயம் ஒரு பழுப்புநிறக் குப்பியில். பத்து மடங்கு செறிவான பஃபர் ஒரு பாட்டிலில். பாசிட்டிவ் கண்ட்ரோலுக்கு, அதாவது கட்டாயம் ஒளிர வேண்டிய ஒப்பீட்டுக் குழிக்கு, டிபிஎச்பி, அதாவது டெர்ட் பியூட்டைல் ஹைட்ரோபெராக்சைடு, ஒரு சின்னக் குப்பியில். கூடவே நான்காக மடித்த தாள். பேக்கிங்கில் குறை சொல்ல ஒன்றுமில்லை. உலர் பனியில் வந்தது, மூன்று முறையும் உறைந்தே இருந்தது.

சாயத்தின் தந்திரம் அழகானது, அதைச் சொல்லாமல் திட்டக்கூடாது. தலையில் இரண்டு அசிட்டேட் தொப்பி போட்டுக்கொண்டிருக்கும்போது அது கொழுப்போடு ஒத்துப்போகும், அதனால் செல் சவ்வைத் தாண்டி உள்ளே போய்விடும். உள்ளே எஸ்ட்டரேஸ் நொதிகள் தொப்பியைக் கழற்றிவிடும். தொப்பி போனபின் அது சுலபமாக வெளியே வர முடியாது. இந்த நிலையிலும் ஒளிராது. ஏதாவது ஒன்று அதை ஆக்சிஜனேற்றம் செய்தால்தான் டிசிஎஃப் என்ற ஒளிரும் சாயமாகும். 490 நானோமீட்டர் பக்கம் ஒளி கொடுத்தால் 525 பக்கம் பச்சையாகத் திருப்பிக் கொடுக்கும். ஃப்ளூரசீனுக்கு உள்ள அதே ஃபில்டர் போதும் என்பதால் எந்த லேபிலும் எந்தக் கருவியிலும் ஓடும். பிளேட் ரீடர், மைக்ராஸ்கோப், ஃப்ளோ சைட்டோமீட்டர் எல்லாவற்றிலும் நான் ஓட்டியிருக்கிறேன்.

முதல் நாள் அனுபவம் பிரமாதம். செல்களை 96 குழித் தட்டில் முந்தைய நாளே போட்டிருந்தேன். கழுவி, 10 மைக்ரோமோலார் சாயம் போட்டு, 37 டிகிரியில் 30 நிமிடம் இருட்டில் வைத்து, மறுபடி கழுவி, டிபிஎச்பி கொடுத்து ரீடரில் வைத்தேன். ஒரு மணி நேரத்தில் கோடு மேலே ஏறிக்கொண்டே போனது. மருந்து கொடுத்த குழிகளும் ஏறின. எங்கள் சேர்மம் கொடுத்தவை இறங்கின. மதியத்துக்குள் படம் தயார். இவ்வளவு சுலபமாக ஒரு வேலை முடிந்தால் அதில் எங்கோ ஓட்டை இருக்கும் என்று அப்போதே தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

முதல் ஓட்டை ஒளி. அந்தத் தட்டை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை படிக்கச் சொல்லி ரீடரை விட்டிருந்தேன். அடுத்த முறை அதே மாதிரி இன்னொரு தட்டை முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை படித்தேன். எதுவும் கொடுக்காத கண்ட்ரோல் குழிகளின் ஏற்றம் பாதிக்கும் கீழே போய்விட்டது. அதாவது நான் அளந்ததில் பெரும்பங்கு ரீடரின் விளக்கு செய்த வேலை. இந்தச் சாயம் ஒளியிலேயே ஆக்சிஜனேற்றம் ஆகும். ஆன டிசிஎஃப் மேலும் ஒளியை வாங்கி மீதிச் சாயத்தையும் மாற்றத் தூண்டும். மைக்ராஸ்கோப்பில் இது இன்னும் மோசம்: ஃபோகஸ் தேடித் தேடி ஒரு இடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தால் அந்த இடம் கண் முன்னாலேயே பச்சையாகிக்கொண்டு வரும். புதிதாக வந்த ஒரு பெண் அதைப் பார்த்து ‘அக்கா, செல் ரியாக்ட் பண்ணுது’ என்று சந்தோஷப்பட்டாள். ஃபோகஸை ஓர் ஓரத்தில் வைத்துவிட்டு, ஒளியை அணைத்து, வேறு இடத்துக்கு நகர்ந்து ஒரே ஒரு படம் எடுக்க வேண்டும். தாளில் ‘ஒளி படாமல் வைக்கவும்’ என்று ஒரு வரி இருக்கிறது. அது குப்பிக்குச் சொன்னது என்றுதான் படிப்பவர் நினைப்பார்.

இரண்டாவது, செல் வளர்க்க ஊடகத்தில் சேர்க்கும் இரத்தச் சீரம். தாளின் ஒரு பத்தியில் ‘வளர்ப்பு ஊடகத்திலேயே சாயம் ஏற்றலாம்’ என்று இருக்கிறது. ஏற்றலாம்தான், ஆனால் சீரத்தில் எஸ்ட்டரேஸ் இருக்கிறது. செல்லுக்குள் கழற்ற வேண்டிய தொப்பியை அது வெளியிலேயே கழற்றிவிடும். அப்புறம் சாயம் உள்ளே போகாது, வெளியே கிடந்து தானாகப் பச்சையாகும். செல்லே இல்லாத குழியில் ஊடகமும் சாயமும் மட்டும் போட்டு வைத்தேன். செல் உள்ள குழிக்கு ஏறக்குறைய சமமாக ஒளிர்ந்தது. அன்றிலிருந்து சீரம் இல்லாத, ஃபீனால் ரெட் என்ற நிறங்காட்டியும் இல்லாத பஃபரில்தான் ஏற்றுகிறேன். செல் இல்லாத ஒரு வரிசை எல்லாத் தட்டிலும் உண்டு.

மூன்றாவது, உறைய வைத்து உருக்குவது. சாயக் குப்பி ஒன்றேயொன்று, பெரியது. வாரம் இரண்டு முறை எடுத்து உருக்கி மறுபடி வைத்தால் மாதக் கடைசியில் பின்னணி ஏறியிருக்கும். இதற்கு நிறுவனத்தைச் சொல்ல மாட்டேன், வந்த அன்றே சின்னக் குழாய்களில் பிரித்து வைக்காதது என் சோம்பல். ஆனால் ‘வந்தவுடன் பிரித்து வையுங்கள்’ என்று தாளில் கொட்டை எழுத்தில் போட்டால் என்ன குறைந்துவிடும்?

பெயர் விஷயம் ஒன்று இருக்கிறது, சின்னதுதான், ஆனால் எனக்கு உறுத்தும். பெட்டியில் டிசிஎஃப்டிஏ என்று போடுகிறார்கள். உள்ளே இருப்பது எச்2டிசிஎஃப்டிஏ, ஒடுக்கப்பட்ட வடிவம். இரண்டு ஹைட்ரஜன் கூடுதலாக உள்ளது. உண்மையான டிசிஎஃப்டிஏ என்பது ஏற்கெனவே ஆக்சிஜனேற்றம் ஆன வடிவம். தொப்பி கழன்றதும் எந்த ஆர்.ஓ.எஸ்.ஸும் இல்லாமலே அது ஒளிரும். இந்த இரண்டாவது சாயம் ஒரு நல்ல கண்ட்ரோல். என் மருந்து எஸ்ட்டரேஸைக் கூட்டுகிறதா, சாயம் உள்ளே போவதைக் குறைக்கிறதா, கசிந்து வெளியேற வைக்கிறதா என்பதையெல்லாம் அதை வைத்துப் பார்த்துவிடலாம். இதன் ஒடுக்காத வடிவத்தைக் கிட்டோடு ஒரு குப்பி சேர்த்துத் தந்தால் நான் ஐந்து நட்சத்திரம் கொடுப்பேன். அதைத் தராமல் அதன் பெயரை மட்டும் எடுத்துப் பெட்டியில் ஒட்டியிருக்கிறார்கள்.

இனிப் பெரிய புகார். தாளில் முதல் பக்கத்திலேயே ஒரு படம்: ஹைட்ரஜன் பெராக்சைடு என்று ஒரு அம்பு, அது சாயத்தைத் தொடுகிறது, சாயம் பச்சையாகிறது. அப்படி நடப்பதில்லை. ஹைட்ரஜன் பெராக்சைடையும் இந்தச் சாயத்தையும் சுத்தமான குழாயில் சேர்த்து வைத்தால் ஏறக்குறைய ஒன்றும் நடக்காது. நடுவில் ஒரு தரகர் வேண்டும்: பெராக்சிடேஸ் நொதி, அல்லது இரும்பு, அல்லது சைட்டோகுரோம் சி மாதிரி ஹீம் என்ற இரும்புப் பகுதி உள்ள புரதம். இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. கெஸ்டனும் பிராண்ட்டும் 1965இல் இந்தச் சாயத்தை ஹைட்ரஜன் பெராக்சைடு அளக்கக் கொண்டுவந்தபோதே பெராக்சிடேஸ் சேர்த்துத்தான் அளந்தார்கள். பிறகு 1983இல் நியூட்ரோஃபில் என்ற வெள்ளை இரத்த அணுக்களில் ஃப்ளோ சைட்டோமீட்டரோடு இதைப் பயன்படுத்தினார்கள். நியூட்ரோஃபிலில் மைலோபெராக்சிடேஸ் மண்டிக் கிடக்கிறது, அங்கே தரகருக்குப் பஞ்சமில்லை. அங்கிருந்து எல்லாச் செல்லுக்கும் பரவியபோது தரகரைப் பற்றிய பேச்சு வழியில் எங்கோ விழுந்துவிட்டது.

இதோடு போகவில்லை. சாயம் பாதி ஆக்சிஜனேற்றம் ஆகும்போது ஜோடியில்லாத எலக்ட்ரானோடு ஒரு ரேடிக்கலாக நிற்கும். அது ஆக்சிஜனோடு சேர்ந்து டிசிஎஃப் ஆகும்போது சூப்பராக்சைடைத் துப்பும். சூப்பராக்சைடு ஹைட்ரஜன் பெராக்சைடாகும். அது மறுபடி சாயத்துக்கு வரும். எண்ணச் சொல்லி அனுப்பிய ஆளே கூட்டத்தைச் சேர்த்துவிட்டு, சேர்ந்த தலையை எண்ணிக்கொண்டு வருவது மாதிரி.

இதெல்லாம் எனக்குப் பாடத்தில் தெரியும். தெரிந்தும் உறைக்கவில்லை. உறைத்தது ஒரு வரைபடத்தைப் பார்த்துத்தான். 1 மைக்ரோமோலார் டாக்ஸோரூபிசின் கொடுத்து 2, 4, 8, 16, 24 மணி நேரத்தில் டிசிஎஃப் பார்த்தேன். முதல் எட்டு மணி நேரம் ஒன்றுமில்லை. பதினாறில் குபீரென்று ஏறியது, இருபத்து நான்கில் உச்சம். அதே தட்டின் ஜோடித் தட்டில் அனெக்சின் சாயம் போட்டு, சாகத் தொடங்கிய செல்களை எண்ணியிருந்தேன். இரண்டு கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தாற்போல் இருந்தன. செல் அப்போப்டோசிஸ் என்ற திட்டமிட்ட வழியில் சாகும்போது மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து சைட்டோகுரோம் சி வெளியே கொட்டும். அதாவது தரகர் தெருவுக்கு வந்துவிடுகிறார். ஆர்.ஓ.எஸ். இம்மியும் கூடாமலே டிசிஎஃப் ஒளிர்வு கூட அது போதும். செல்லுக்குள் போகும்படி பெக் என்ற பாலிமர் இணைத்த கேட்டலேஸ் கொடுத்துப் பார்த்தேன், ஹைட்ரஜன் பெராக்சைடை உடைக்கும் நொதி அது. ஹைட்ரஜன் பெராக்சைடுதான் காரணம் என்றால் ஒளிர்வு நன்றாக விழ வேண்டும். என் கையில் கொஞ்சம்தான் விழுந்தது.

ஆக ஏழு மாதமாக நான் ‘மருந்து ஆர்.ஓ.எஸ்.ஸைக் கூட்டுகிறது, ஆர்.ஓ.எஸ். செல்லைக் கொல்கிறது’ என்று எழுதி வைத்திருந்தேன். தட்டு சொன்னது, ‘செல் சாகிறது, செத்தபின் சாயம் பச்சையாகிறது’ என்று இருக்கலாம். எங்கள் சேர்மமும் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்காமல் வெறுமனே சாவைத் தடுத்திருக்கலாம். அதுவும் நல்ல செய்திதான், ஆனால் வேறு செய்தி.

‘என்ஏசி கொடுத்தேன், ஒளிர்வு குறைந்தது, அதனால் ஆர்.ஓ.எஸ்.தான்’ என்று வாதாடுபவர்கள் உண்டு. நானும் வாதாடினேன். என்ஏசி, அதாவது ஆன்டிஆக்சிடன்ட்டாகக் கொடுக்கும் என்-அசிட்டைல் சிஸ்டீன், ஹைட்ரஜன் பெராக்சைடோடு வினைபுரியும் வேகம் மிகக் குறைவு. செல்லில் ஏற்கெனவே இருக்கும் பெராக்சிரெடாக்சின் நொதியோடு ஒப்பிட்டால் மாட்டு வண்டியும் ரயிலும். என்ஏசி செல்லின் சொந்த ஆன்டிஆக்சிடன்ட்டான குளுட்டதயோனைக் கூட்டும், வேறு பல வேலைகளும் செய்யும். ஒளிர்வு குறைந்ததற்கு அவற்றில் எது வேண்டுமானாலும் காரணமாக இருக்கலாம். 2022இல் நேச்சர் மெட்டபாலிசம் இதழில் இந்தத் துறையின் பெரிய ஆட்கள் பலர் சேர்ந்து ஒரு வழிகாட்டி வெளியிட்டார்கள். ‘ஆர்.ஓ.எஸ்.’ என்று மொத்தமாகச் சொல்லாதீர்கள், எந்த மூலக்கூறு என்று பெயரைச் சொல்லுங்கள் என்பது அதன் முக்கியமான வற்புறுத்தல். சூப்பராக்சைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு, ஹைட்ராக்சில் ரேடிக்கல், பெராக்சிநைட்ரைட் எல்லாம் குணத்தில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை. ஹைட்ராக்சில் ரேடிக்கல் பிறந்த இடத்திலிருந்து சில நானோமீட்டர் நகர்வதற்குள் எதையாவது கடித்துவிடும். ஹைட்ரஜன் பெராக்சைடு நிதானமாகச் செல்லைச் சுற்றி வரும். இவை எல்லாவற்றையும் ஒரே பச்சையில் அளப்பதாகச் சொல்லும் பெட்டியை என்ன செய்வது?

பாசிட்டிவ் கண்ட்ரோலைப் பற்றியும் ஒரு வார்த்தை. டிபிஎச்பி எல்லா முறையும் வேலை செய்தது, அதைப் பாராட்டுகிறேன். சாயம் உயிரோடு இருக்கிறதா, செல்லுக்குள் போயிருக்கிறதா என்பதற்கு அது நல்ல சாட்சி. அதற்கு மேல் ஒன்றையும் அது நிரூபிக்காது. டிபிஎச்பி தீர்ந்த ஒரு நாள் ஹைட்ரஜன் பெராக்சைடையே கொடுத்தேன், ஒன்றுமே ஏறவில்லை. அரை நாள் தலையைப் பிய்த்துக்கொண்டபின் புரிந்தது: அன்று பஃபருக்குப் பதில் ஊடகத்தில் கொடுத்திருந்தேன், அந்த ஊடகத்தில் 1 மில்லிமோலார் பைருவேட் இருந்தது. பைருவேட் ஹைட்ரஜன் பெராக்சைடைத் தின்றுவிடும். இதற்கு எதிர்மாறான கூத்தும் உண்டு: பச்சைத் தேயிலையில் இருக்கும் ஈஜிசிஜி மாதிரிப் பாலிஃபீனால்களை ஊடகத்தில் கரைத்தால் அவையே ஆக்சிஜனோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கும். ஆன்டிஆக்சிடன்ட் என்று கொடுத்தது குழிக்குள் நேர்மாறாக நடந்துகொள்ளும்.

இந்தக் கிட் போதவில்லை என்று தெரிந்தபின் மற்றவற்றுக்குத் தாவினேன். முதலில் டிஎச்இ, டைஹைட்ரோஎத்திடியம். சூப்பராக்சைடுக்கென்று சொல்லப்படும் சாயம், சிவப்பாக ஒளிரும். முதல் நாளே மருந்து கொடுத்த செல்களின் உட்கரு எல்லாம் செக்கச்செவேலென்று ஒளிர்ந்தது. கண்ட்ரோல் கறுப்பு. ஆய்வேட்டின் அட்டைக்கே போடலாம் போன்ற படம். மூத்த ஆய்வாளர் ஒருவரிடம் ஓடிப்போய்க் காட்டினேன். அவர் படத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை.

‘சாயம் போடாத குழி எங்கே?’

‘அது எதுக்குண்ணா?’

‘டாக்ஸோரூபிசின் என்ன நிறம்?’

டாக்ஸோரூபிசின் சிவப்பு. 480 பக்கம் ஒளி வாங்கி 590 பக்கம் தானே ஒளிரும், நேராக உட்கருவுக்குப் போய் டிஎன்ஏவில் செருகிக்கொள்ளும். டிஎச்இ எந்த நிறத்தில் எந்த இடத்தில் ஒளிருமோ அதே நிறத்தில் அதே இடத்தில். சாயமே போடாமல் எடுத்த படமும் அச்சாக அப்படியே இருந்தது. இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி என் மேசைக்கு மேல் வைத்திருக்கிறேன்.

மருந்துச் சிக்கலை விட்டுவிட்டாலும் டிஎச்இயின் சிவப்பு நம்பத் தகுந்ததில்லை. சூப்பராக்சைடோடு வினைபுரிந்தால் 2-ஹைட்ராக்சி எத்திடியம் கிடைக்கும். வேறு எதனோடாவது ஆக்சிஜனேற்றம் ஆனால் வெறும் எத்திடியம். இரண்டும் சிவப்பு, இரண்டும் டிஎன்ஏவில் ஒட்டும், வழக்கமான ஃபில்டரில் பிரித்துப் பார்க்க முடியாது. செல்லில் பெரும்பாலும் மிகுதியாக இருப்பது எத்திடியம்தான். பிரிக்க வேண்டுமென்றால் செல்லை உடைத்து எச்பிஎல்சி என்ற பிரிப்புக் கருவியில் ஓட்ட வேண்டும். மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் எத்திடியம் 314இல் வரும், 2-ஹைட்ராக்சி எத்திடியம் 330இல். கல்யாணராமன் குழு இதைத் தெளிவாகக் காட்டி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. நான் கடைசியில் எச்பிஎல்சியில்தான் ஓட்டினேன். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மாதிரிதான் முடியும், கழுத்து வலிக்கும், ஆனால் ஆய்வேட்டில் எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வரும் படம் அது ஒன்றுதான்.

மைட்டோசாக்ஸ் என்பது இதே டிஎச்இக்கு ஒரு பாஸ்ஃபோனியம் வால் வைத்தது. மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வு மின்னழுத்தத்தைப் பார்த்து உள்ளே போய்க் குவியும். அதனால் மின்னழுத்தம் விழுந்தால் குவிவதும் விழும். ஒளிர்வு குறைந்தால் சூப்பராக்சைடு குறைந்ததா, சாயமே போகவில்லையா என்று பார்க்க வேண்டியிருக்கும். மின்னழுத்தத்துக்கு டிஎம்ஆர்எம் போன்ற வேறு சாயத்தை இன்னொரு தட்டில் போட்டுப் பார்ப்பது நல்லது. செறிவையும் கூட்டக்கூடாது: சில மைக்ரோமோலாரிலேயே மைட்டோகாண்ட்ரியாவின் சுவாசத்தை அது கெடுக்கும் என்று காட்டியிருக்கிறார்கள். 50 மைக்ரோகிராம் குப்பியில் 13 மைக்ரோலிட்டர் டிஎம்எஸ்ஓ ஊற்றினால் 5 மில்லிமோலார். அந்தப் பதின்மூன்று மைக்ரோலிட்டரை அடியில் தேடிப் பிப்பெட்டில் எடுப்பது தனிக் கலை.

ஆம்ப்ளக்ஸ் ரெட் எனக்குப் பிடித்திருந்தது. செல்லுக்கு வெளியே வரும் ஹைட்ரஜன் பெராக்சைடை மட்டும் அளக்கும், பெராக்சிடேஸைக் கூடவே தருகிறார்கள், ஒரு மூலக்கூறுக்கு ரெசோருஃபின் என்ற ஒளிரும் பொருள் ஒன்று என்று கணக்கு நேராக இருக்கும், கேட்டலேஸ் போட்டால் ஒளிர்வு ஒழுங்காக விழும். திட்ட வரைகோடு போட்டு மைக்ரோமோலாரில் விடை சொல்ல முடிகிறது. செல்லுக்குள் என்ன நடக்கிறது என்று கேட்டால் அதற்குப் பதில் இல்லை, இருப்பதாக அது சொல்லிக்கொள்ளவும் இல்லை.

உள்ளே பார்க்க வேண்டுமென்றால் புரத உணரிகள்தான் வழி. ஹைப்பர் என்பது 2006இல் வந்தது. பாக்டீரியாவின் ஆக்சிஆர் புரதத்துக்குள் மஞ்சள் ஒளிர்புரதத்தைச் செருகியது. ஹைட்ரஜன் பெராக்சைடைப் பார்த்தால் இரண்டு அலைநீளங்களின் விகிதம் மாறும், அதனால் சாயம் எவ்வளவு போயிற்று என்ற தொல்லை கிடையாது. பழைய ஹைப்பர் அமிலத்தன்மைக்கும் ஆடும். 2020இல் வந்த ஹைப்பர்7இல் அந்தக் குறை பெரும்பாலும் போய்விட்டது. ஆர்ஓஜிஎஃப்பி2-ஓஆர்பி1 என்பதும் உண்டு, ஈஸ்ட்டின் பெராக்சிடேஸை ஒட்டியது. பக்கத்து லேபில் அந்த மரபணுவை வாங்கி எச்9சி2வில் நுழைக்கவே எனக்கு இரண்டு மாதம் ஆனது. இதயத் தசைச் செல்கள் வெளி டிஎன்ஏவை வேண்டா வெறுப்பாகத்தான் வாங்கும். நுழைந்தபின் மருந்து கொடுத்துப் பார்த்தேன்: நான்கு மணி நேரத்தில் மைட்டோகாண்ட்ரியாவில் ஒரு சின்ன அசைவு இருந்தது, டிசிஎஃப் காட்டிய குபீர் ஏற்றம் எங்கேயும் இல்லை.

சரி, கிட்டுக்கு வருகிறேன். வாங்கலாமா? ஐம்பது சேர்மங்களை வரிசையாகப் போட்டு, எதில் ஏதோ நடக்கிறது என்று முதலில் சலித்துப் பார்க்க வாங்கலாம். செல்லில் ஆக்சிஜனேற்றச் சூழல் மாறியிருக்கிறது என்பதற்கு முதல் தடயம் என்ற அளவில் எடுத்துக்கொள்ளலாம். மாணவர்களுக்கு ஒரு மதியத்தில் ஒளிர்வு அளவீடு கற்றுக்கொடுக்க இதைவிட நல்லது கிடையாது. ஒரு முடிவை இதன் மேல் மட்டும் கட்டுவதற்கு வாங்காதீர்கள். ஐந்துக்கு மூன்று கொடுக்கிறேன். ஒரு நட்சத்திரம் அந்த அம்புப் படத்துக்குப் போயிற்று, இன்னொன்று வாடிக்கையாளர் உதவிக்கு. பஃபரில் என்ன இருக்கிறது, அதில் பைருவேட் உண்டா என்று மட்டும்தான் கேட்டேன். ‘வணிக ரகசியம், வெளியிட இயலாது’ என்று பதில் வந்தது. எந்தக் குழியில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் நான் எப்படிக் கண்ட்ரோல் வைப்பது? அதையும் கேட்டேன். கணக்கெடுப்புப் படிவம் ஒன்றை அனுப்பி என் திருப்தியைப் பத்துக்கு எவ்வளவு என்று கேட்டார்கள்.

நான்காவது பெட்டி வாங்கவில்லை. சாயத்தைப் பவுடராகவே வாங்கிக்கொண்டேன். 4.87 மில்லிகிராமை ஒரு மில்லிலிட்டர் உலர்ந்த டிஎம்எஸ்ஓவில் கரைத்தால் 10 மில்லிமோலார். இருபது மைக்ரோலிட்டர் வீதம் சின்னக் குழாய்களில் பிரித்து, மேலே நைட்ரஜன் ஊதி மூடி, ஃபாயிலில் சுற்றி மைனஸ் 20இல் வைத்திருக்கிறேன். ஒரு குழாய் ஒரு நாளைக்கு, மிச்சம் இருந்தால் கொட்டிவிடுவேன். ஒடுக்காத வடிவத்தையும் ஒரு குப்பி தனியாக வாங்கியிருக்கிறேன், வெள்ளை மூடி. இரண்டையும் மாற்றி எடுத்துவிடாமல் இருக்க மூடியில் மார்க்கரால் எழுதி வைத்திருக்கிறேன், இரண்டு ஹைட்ரஜன் உண்டு, இல்லை என்று.